ஐம்பதாயிரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்: கிராஃப் போடவும் கேம் ஆடவும்

"டேய், நீ கம்ப்யூட்டர் படிக்கிற பையன்தானே? நீயே பார்த்து ஒண்ணு வாங்கிக் குடுத்துடு." போன வருஷம், 2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பா சொன்னது இது. நான் படிக்கிறது இசிஇ. இதை வீட்டில் நாலு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், யாரும் கேட்கிறதா இல்லை. இன்ஜினியரிங் சேர்ந்த நாளில் இருந்து இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், அத்தையோட வாட்ஸ்அப் எல்லாமே என் டிபார்ட்மென்ட்தான்.

சித்தப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சேலைக்கு கிராஃப் போடுபவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் மார்கழியிலேயே உயிரை விட்டுவிட்டது. முகூர்த்த சீசன் வேலை கையில் நிற்கிறது. ஏலச்சீட்டு எடுத்த பணம் சரியாக 50,000 ரூபாய் இருந்தது. அதில் அவருக்கு வேலை நடக்க வேண்டும். காலேஜில் முதல் வருஷம் படிக்கும் அவர் பையனுக்கு (இனி 'தம்பி') வேலோரன்ட் ஓட வேண்டும், ஜிடிஏ 5 ஓட வேண்டும், பிளெண்டரும் கத்துக்கணும். ஒரே பெட்டி, இரண்டு பேர், ஐம்பதாயிரம்.

நம்ம ஹாஸ்டலில் வாரத்துக்கு ஒருத்தராவது "மச்சி, ஒரு பில்ட் சொல்லேன்" என்று கேட்பதால், நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் கொட்டேஷன்

சித்தப்பா எனக்கு முன்னாடியே ஒரு கடையில் விசாரித்து வைத்திருந்தார். துண்டுச்சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஐ7, 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினட், மானிட்டரோடு சேர்த்து 42,000. பார்க்க நல்லாத்தான் இருந்தது. "ஐ5-ஐ விட ஐ7 பெருசுதானேடா" என்றார். எட்டாயிரம் மிச்சம் வேற.

போன் போட்டு "எந்த ஐ7 அண்ணா?" என்று கேட்டேன். ஐ7-3770. இன்டெல் அதை வெளியிட்டது 2012-இல். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் வரிசை மட்டும்தான். கோடுக்கு அப்புறம் வரும் எண்தான் தலைமுறை. 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐ ஓரம்கட்டிவிடும். கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. அது 2014-இல் வந்தது. இன்றைய ரைசன் சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட வேகம்.

வேகம் போகட்டும் என்றாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் தகுதிப் பட்டியலில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியப்போவது அப்போதே தெரிந்த விஷயம். விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அந்தப் போர்டில் டிபிஎம் 2.0 இல்லை. ஆக, தம்பிக்கும் அது உதவாது. துண்டுச்சீட்டை மடித்து சித்தப்பா பாக்கெட்டிலேயே வைத்துவிட்டேன்.

வேலை என்ன கேட்கிறது?

நாம் எல்லோரும் செய்கிற தப்பு, பார்ட்ஸ் லிஸ்டில் இருந்து தொடங்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். "டிசைன் வேலை" என்று காதில் விழுந்ததுமே மனசுக்குள் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் முழுக்க சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்னதான் செய்கிறார் என்று பார்த்தேன். கணக்கே மாறிப்போச்சு.

ஜக்கார்டு தறியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் வரிசையாக ஹூக்குகள், 120, 240, 480 என்று பெட்டிக்குத் தகுந்த மாதிரி. ஒவ்வொரு ஹூக்கும் தனக்குக் கீழே இருக்கும் பாவு இழைகளைத் தூக்கும். எந்த ஹூக் தூக்கணும், எது சும்மா இருக்கணும் என்பதைச் சொல்வது அட்டை. ஓட்டை இருந்தால் தூக்கு, இல்லையென்றால் விடு. ஊடை இழை ஒரு தடவை ஓட ஒரு அட்டை. அடுத்த இழைக்கு அடுத்த அட்டை. எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகள் எங்கெங்கே விழ வேண்டும் என்று கட்டம் கட்டமாக வரைவதுதான் கிராஃப் போடுவது. முன்பு கிராஃப் தாளில் கலர் பென்சில் வைத்து வரைந்தார்கள். இப்போது திரையில்.

நம்ம சிலபஸில் முதல் யூனிட்டில் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயம்தான் இது. பிரான்சின் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் ஜக்கார்டு செய்த தறி, அதைப் பார்த்து அனலிடிகல் இன்ஜினுக்குத் துளையட்டை வைக்கலாம் என்று பாபேஜ் யோசித்தது, 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்திய துளையட்டை. 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டைகள் ஆனதாம். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்த நான், அதே அட்டை எங்கள் தெருவில் தலைக்கு மேலே தொங்கியதைச் சின்ன வயசில் இருந்து பார்த்தும் இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். கிராஃபில் ஒரு கட்டம் என்பது ஒரு பிக்சல். தூக்கு அல்லது விடு, அதாவது ஒரே ஒரு பிட். எடுத்துக்காட்டுக்கு 480 ஹூக், 3,000 ஊடை இழை கொண்ட ஒரு முந்தி டிசைனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 14.4 லட்சம் கட்டம். உங்கள் போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் போட்டோவில் 120 லட்சம் பிக்சல். ஒரு முந்தியின் கிராஃப் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பிட் கணக்கில் சேமித்தால் 180 கிலோபைட். நாம் அனுப்பும் குட்மார்னிங் படத்தைவிடச் சின்ன ஃபைல்!

இதற்கு எதற்கு 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு?

வேலையின் கனமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. கிராஃப் முடிந்ததும், சேலை எப்படி இருக்கும் என்று ஃபோட்டோஷாப்பில் கலர் போட்டு, ஜரிகை மினுமினுப்பு வைத்து ஒரு மாதிரிப்படம் செய்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார். அந்தப் படம் 6,000க்கு 9,000 பிக்சல் என்றால், முழுசா நிரம்பிய ஒரு லேயருக்குச் சுமார் 216 மெகாபைட். இருபது லேயர் போனால் நாலு ஜிபியைத் தாண்டும். பழைய கம்ப்யூட்டரில் 4 ஜிபிதான் இருந்தது. அது திணறியதற்குக் காரணம் ரேம், கூடவே பழைய ஹார்ட் டிஸ்க். 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் அவர் வேலைக்குத் தாராளம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதை எந்தப் பில்ட் வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

கத்தரிப்பூ கலர்

முந்தின வருஷம் ஒரு சேலை திரும்பி வந்திருக்கிறது. சித்தப்பாவின் பழைய மானிட்டர் நாள்பட மஞ்சளடித்துப்போயிருந்தது. கத்தரிப்பூ கலர் போட்டால் திரையில் மங்கலாகத் தெரிய, சரியாகத் தெரியும்வரை நீலத்தைக் கூட்டியிருக்கிறார். அவர் திரையில் இப்போது கச்சிதம். ஆனால் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போய் வாடிக்கையாளரின் போனில் திறந்தபோது நீலம் தூக்கலான வேறு கலர். அவர்கள் அதைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். சாயம் போட்டவர் வழக்கமான கத்தரிப்பூவைப் போட்டார். தறியில் இருந்து சேலை இறங்கியதும், "போட்டோல பார்த்த கலர் இது இல்லையே". நெய்தவர் மேலும் தப்பில்லை, சாயக்காரர் மேலும் தப்பில்லை. சாயம் ஏறின பாவை மாற்ற முடியுமா? விலையைக் குறைத்து வேறு இடத்தில் தள்ளினார்கள். அந்த நஷ்டத்தில் பாதி சித்தப்பா தலையில். அவர் இதை என்னிடம் சொன்னபோது "என் கண்ணுதான்டா சரியில்ல" என்றார். கண் நல்லாத்தான் இருக்கிறது. மானிட்டர்தான் கெட்டுப்போச்சு.

அன்றைக்கே முடிவு செய்தேன், மானிட்டர்தான் முதல் செலவு. 24 இன்ச், ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று ஸ்பெக்கில் போட்டிருக்கும் ஒன்று, 9,500 ரூபாய். ஐபிஎஸ் ஏன் என்றால், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் கலர் அதிகம் மாறாது. சித்தப்பா பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்ப்பார்கள். 27 இன்ச் 1080பி வாங்காதீர்கள், அதே பிக்சல்தான் பெருசாகத் தெரியும். வாங்கியதும் எஸ்ஆர்ஜிபி மோடில் வைத்து, விண்டோஸில் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள். நைட் லைட் ஆன் ஆகியிருந்தால் மறுபடியும் அதே மஞ்சள் கதைதான்.

மீதி பணமும் தம்பியின் கோபமும்

இனி நாற்பதாயிரத்துக்குள் பெட்டி. தம்பி ஆசைப்பட்டது ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 ஜோடி. நல்ல ஜோடிதான். 8 ஜிபி மெமரி கொண்ட அந்தக் கார்டில் 1080பி-யில் பெரும்பாலான கேம்கள் நல்ல செட்டிங்கில் ஓடும். ஆனால் கார்டு மட்டும் இருபதாயிரத்துச் சொச்சம். அதை இப்போதே வாங்கினால் மானிட்டரும் யுபிஎஸ்ஸும் போய்விடும்.

நான் சொன்ன வழி: இரண்டு தவணை. பின்னாடி மாற்றக் கஷ்டமானதை இப்போது நல்லதா வாங்குவோம். சொருகினால் போதும் என்கிற கிராபிக்ஸ் கார்டை அப்புறம் பார்ப்போம். இதற்கு 5600-க்குப் பதில் 5600ஜி எடுக்க வேண்டும். அந்த 'ஜி' சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. 5600-இல் இல்லை, தனிக் கார்டு போடாமல் திரையே வராது. ஜி-யில் குறையும் இருக்கிறது: எல்3 கேஷ் 32-க்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇ 4.0-க்குப் பதில் 3.0. பின்னாடி கார்டு போடும்போது கேமில் கொஞ்சம் ஃபிரேம் குறையும். கையில் ஒரே தடவையில் 65,000க்கு மேல் இருப்பவர்கள் ஜி பக்கம் போகவே வேண்டாம், 5600 எடுங்கள்.

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அண்ணா, நீ அப்பா சைடு" என்று ஒரே ஒரு மெசேஜ்.

நாங்கள் கொடுத்த விலை, ரவுண்டாக: 5600ஜி 11,800. பி550எம் மதர்போர்டு 8,500. டிடிஆர்4 3200 ரேம், 8 ஜிபி இரண்டு குச்சி, 3,300. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,000. 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,200. கேபினட் 3,200. யுபிஎஸ் 3,300. கீபோர்டு மவுஸ் 900. மானிட்டரோடு சேர்த்து 49,700. மிச்ச 300-இல் இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டோம். விண்டோஸ் லைசென்ஸ் இந்தக் கணக்கில் இல்லை, அது தனி. லினக்ஸ் போட்டுத் தப்பிக்கலாமா என்றால், சித்தப்பாவின் டிசைன் சாஃப்ட்வேர் டாங்கிளோடு விண்டோஸில்தான் ஓடும். வேலோரன்டும் லினக்ஸில் ஓடாது.

மதர்போர்டில் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குறைத்திருக்கலாம். நாலு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். கேபினட்டோடு "இலவசமா" வரும் 450 வாட் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்டிக்கர் அடிக்க வாட் தேவையில்லை. எங்கள் கணக்கு: பிராசஸர் அதிகபட்சம் 90 வாட்டுக்குள், பின்னாடி வரப்போகும் ஆர்எக்ஸ் 6600-க்கு 132, மற்றதெல்லாம் சேர்த்து 60 என்று வைத்தால் 280 வாட் சொச்சம். 550 போதும், 750 தேவையே இல்லை. 80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் ஒழுங்கா இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நல்ல ரிவ்யூ உள்ள, ஐந்து வருஷ வாரன்டி கொடுக்கும் மாடலாகப் பாருங்கள்.

கேபினட் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பெட்டியைத் திறந்தபோது பிராசஸர் ஃபேனில் பட்டுத்தூசி சிவப்பும் பச்சையுமாகச் சுற்றி, சின்ன நூல்கண்டு மாதிரி இருந்தது. முன் அறையில் தறி, அடுத்த அறையில் கம்ப்யூட்டர். அதனால் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை போட்டு, கழற்றித் தட்டக்கூடிய ஃபில்டர் உள்ளதாக எடுத்தோம். கலர் லைட்டுக்குக் காசு கொடுக்கவில்லை.

யுபிஎஸ் எதற்கு, வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கே என்றார் சித்தி. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேர இடைவெளியில் ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களில் பின்னாடி யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் இடைவெளி குறையும். எங்கள் வீட்டுப் பழசில் அந்தச் சுவிட்ச் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்

எழும்பூர் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன்னாடி இரண்டு ஆன்லைன் கடைகளின் விலையை எழுதிக்கொண்டு போங்கள். அதே விலைக்கோ கொஞ்சம் குறைவாகவோ கிடைக்கும். "பில் வேணாம்னா குறைச்சுக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். 18 சதவீத ஜிஎஸ்டி கண்ணுக்குப் பெருசாத்தான் தெரியும். ஆனால் பார்ட் கெட்டால் சர்வீஸ் சென்டர் கேட்கும் முதல் விஷயம் பில்தான். சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து நானே பூட்டினேன், தப்பும் நானே செய்தேன். முதல் நாள் வேலோரன்ட் திக்கித் திக்கி ஓடியது. தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பிடிபட்டது: இரண்டு ரேம் குச்சியையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டிருந்தேன். நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடி. அப்போதுதான் இரண்டு சேனலும் சேர்ந்து வேலை செய்யும். சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். பாதை பாதியானால் ஃபிரேமும் விழும். குச்சியை மாற்றி, பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் குறைந்த செட்டிங்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலு ஸ்லாட் போர்டுதான் வேணும்னு பிடிவாதம் பிடித்தவன் நான்தான் என்பதை இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பரில் தம்பிக்கு ஆர்எக்ஸ் 6600 வந்தது, 21,000க்குக் கொஞ்சம் கம்மி. பாதி சித்தப்பா, பாதி அவன் விடுமுறையில் வேலை பார்த்த காசு. சொருகிவிட்டு மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டிலேயே குத்திவிட்டு "அண்ணா, வித்தியாசமே இல்லையே" என்று போன் பண்ணினான். கேபிள் கார்டில் குத்தணும்டா.

உங்கள் வேலை வேறு மாதிரி இருக்கலாம். பிளெண்டரில் தினமும் ரெண்டர் போடுபவர் என்றால் என்விடியா பக்கம் போங்கள், சைக்கிள்ஸில் ஆப்டிக்ஸ் வேகம் கொடுக்கும். 3060-இன் 12 ஜிபி-யும் அப்போது வீண் இல்லை. மெக்கானிக்கல் நண்பர்களின் சாலிட்வொர்க்ஸ் மாடலிங்குக்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம்.

விலைகளை மட்டும் இதில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்க்கொண்டே இருப்பதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. எங்கள் 3,300 ரூபாய் ரேமை இப்போது அந்த விலைக்குக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இன்றைக்கு பில்ட் போடுபவர்கள் முதலில் ரேம் விலையைப் பார்த்துவிட்டு மீதியைத் திட்டமிடுங்கள். சீனியர்களிடம் சும்மா கிடக்கும் டிடிஆர்4 குச்சி இருந்தால் கேளுங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது ஒரே குறைதான். மயில்கழுத்து கலர் திரையில் வரவில்லையாம். பாவு ஒரு கலர், ஊடை வேறு கலர், சேலையைத் திருப்பத் திருப்ப மாறுவது அது. எந்த மானிட்டரிலும் வராது சித்தப்பா என்று சொல்லிவிட்டேன். அந்தக் கலருக்கு மட்டும் படம் அனுப்பாமல், நெய்த துண்டை வாசலில் வெயிலில் அசைத்து வீடியோ எடுத்து அனுப்புகிறார். அதை எடிட் செய்து கொடுப்பது தம்பி.